அம்மாவுக்கு வயது 52, டாக்டரைப் பார்க்க வைத்த கதை

மாடி வீட்டுக்காரர்கள் சுவர் வழியாகப் புகை விடுகிறார்கள் என்று அம்மா சொல்ல ஆரம்பித்தார். பக்கத்து கிளினிக்கில் "மாதவிடாய் நிக்கிற சமயம், தானா சரியாயிடும்" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சித்தி மந்திரித்த கயிறு கட்டினார். மாதங்கள்தான் ஓடின.

இங்கே பெங்களூரு விவேக்நகரில் எங்கள் தெருப் பையன் ஒருவனுக்குக் காதில் குரல் கேட்டபோது, கல்லூரி கவுன்சிலரே உடனே டாக்டரிடம் அனுப்பிவிட்டார். வீட்டோடு இருக்கும் அம்மாவை அப்படி அனுப்ப யார் இருக்கிறார்கள்?

கடைசியில் 14416-க்குப் போன் செய்தேன். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்; இலவசம், தமிழிலேயே பேசலாம். புகை இல்லை என்று வாதாட வேண்டாம், இருக்கிறது என்று ஆமாம் போடவும் வேண்டாம், தூக்கம் இல்லாத கஷ்டத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்றார்கள். அது வேலை செய்தது. "தூக்கத்துக்குக் காட்டலாம்மா" என்றதும் கிளம்பிவிட்டார்.

ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை. காலையிலேயே போய்ப் பதிவு செய்துவிடுங்கள், நாள் முழுக்க ஆகும், சாப்பாடு கையில் இருக்கட்டும். ஒரு இளம் டாக்டர் ஆதியோடந்தமாகக் கேட்டார். அப்புறம் தைராய்டு, பி12, தலை ஸ்கேன், காது கேட்கிறதா என்பது வரை பார்த்தார்கள். இல்லாதது நிஜம்போல் தோன்றும் சைக்கோசிஸ் என்ற மனநோய் இந்த வயதில் முதல்முறையாக வந்தால் வேறு உடல்நோய் இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டுமாம். கயிற்றைக் கழற்றச் சொல்லவில்லை. சித்திக்கு அதிலேயே பாதி சமாதானம்.

இந்த நோய் ஆண்களுக்குப் பெரும்பாலும் இருபதை ஒட்டித் தொடங்கும், பெண்களில் சிலருக்கு நாற்பதுக்கு மேலும் தொடங்கும், மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அப்படியானால் கிளினிக்காரர் சொன்னதில் பாதி சரிதான். ஆனால் அது சிகிச்சையை ஆரம்பிக்கக் காரணமே தவிர, சும்மா இருக்க அல்ல. இங்கிலாந்தில் இதற்கான ஆரம்பக்கட்ட சிகிச்சைக் குழுக்கள் முதலில் 14 முதல் 35 வயது வரைதான் பார்த்தன. 2016-ல்தான் அதை 65 வரை நீட்டி, இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அங்கேயே அவ்வளவு தாமதம்!

ரிஸ்பெரிடோன் என்ற இந்த நோய்க்கான மருந்தை மிகக் குறைந்த அளவில் தொடங்கினார்கள். கை நடுங்கியது, சொன்னதும் இன்னும் குறைத்தார்கள். இப்போது தூங்குகிறார். மாடி வீட்டுக்காரர்களைப் பிடிக்கவில்லை என்பது மட்டும் மாறவில்லை. எனக்கும் அவர்களைப் பிடிக்கவில்லை, தண்ணீர் மோட்டார் விஷயத்தில் அவர்கள் அப்படி.