இரண்டாவது வரி

விமானப்படையில் பைலட் பயிற்சியின் நடுவில் ஒருநாள் எங்களிடம் ஒரு தாள் கொடுத்தார்கள். ஃபைட்டர், டிரான்ஸ்போர்ட், ஹெலிகாப்டர் மூன்றையும் அவரவர் விருப்ப வரிசையில் எழுதித் தர வேண்டும். மொத்தம் மூன்று வரி. முதல் வரியில் ஃபைட்டர் என்று எழுத எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. இரண்டாவதில் டிரான்ஸ்போர்ட் என்று எழுதினேன். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. பக்கத்தில் இருந்தவன் எழுதினான், நானும் எழுதினேன்.

அடுத்த இருபது வருஷம் நான் வாழ்ந்தது அந்த இரண்டாவது வரியில்தான்.

யாருக்கு எந்தப் பிரிவு என்ற பட்டியல் ஒட்டிய அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று பாளையங்கோட்டைக்குப் போன் போட்டேன். ஜெட் கிடைக்கவில்லை, சாமான் ஏற்றும் பெரிய விமானம்தான் என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. தெருவில் எல்லோரிடமும் ஜெட் என்று சொல்லி வைத்திருந்தார். அம்மா போனை வாங்கி, "அதுல கூட ஆள் இருக்கும்லா?" என்று கேட்டாள். நாலைந்து பேர் இருப்போம் என்றேன். "அது போதும்" என்றாள். அன்று எனக்கு அது ஆறுதலாகப் படவில்லை.

அப்போது நாங்கள் பறக்கக் கற்றது ஹெச்.பி.டி-32 தீபக்கில். ஒற்றை பிஸ்டன் எஞ்சின், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட். வெளியே குதிக்க இஜெக்‌ஷன் சீட் கிடையாது. பயிற்சியாளர் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்பார். அவர் கை எப்போது ஸ்டிக்கை நோக்கி நகர்கிறது என்பதை ஓரக்கண்ணால் பார்த்தே நம் மதிப்பெண்ணைக் கணக்குப் போட்டுவிடலாம். 2009-ல் ஒரு கோர விபத்துக்குப் பிறகு அந்த விமானத்தை நிறுத்தினார்கள். 2013-ல் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பி.சி-7 வரும்வரை, நடுவில் வந்த பிள்ளைகள் எடுத்த எடுப்பில் கிரண் ஜெட்டில் ஏறிக் கற்க வேண்டியிருந்தது. நடக்கப் பழகும் முன் ஓடச் சொன்னது போலத்தான்.

பட்டியல் எப்படித் தயாராகிறது என்பது எனக்குப் பல வருஷம் கழித்து, மறுபக்கம் போன பிறகுதான் புரிந்தது. தாம்பரத்தில் இருக்கும் பறப்புப் பயிற்சியாளர் பள்ளிக்குப் போனேன். விமானம் ஓட்டுவது ஒரு வேலை. ஓட்டிக்கொண்டே, செய்வதைச் செய்கிற நொடியிலேயே வாயால் சொல்லிக்கொண்டு வருவது இன்னொரு வேலை. அதற்குப் பேட்டர் என்று பெயர். கை சுழற்சியிலிருந்து விமானத்தை மீட்டுக்கொண்டிருக்கும்போது வாய் அதே வேகத்தில், அதே வரிசையில், பதறாமல் சொல்ல வேண்டும். திருநெல்வேலித் தமிழில் வளர்ந்த என் வாய்க்கு அந்த ஆங்கிலம் ஓடி வர மாதக்கணக்கில் ஆனது. ராத்திரியில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகுவேன். அந்தப் படிப்பு முடித்து, பிற்பாடு ஹைதராபாத் பக்கம் துண்டிகலில் இருக்கும் விமானப்படை அகாடமிக்குப் பயிற்சியாளராகப் போனேன். பி.சி-7-ல் மாணவன் முன்னால், நான் பின்னால். அவன் முகம் தெரியாது. கழுத்தின் பின்பக்கத்தையும் விமானம் அசைகிற விதத்தையும் வைத்தே அவன் மனசைப் படிக்க வேண்டும்.

ஒவ்வொரு சார்ட்டி, அதாவது ஒரு முறை ஏறிப் பறந்து இறங்குவது, முடிந்ததும் எழுதுகிறோம். எத்தனை முறை சொன்ன பிறகு பிடித்துக்கொண்டான், தவறு செய்தபின் அடுத்த ஒரு நிமிஷம் என்ன செய்தான், தலைகீழாகச் சுற்றும்போது தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தானா, சேர்ந்து பறக்கும்போது பக்கத்து விமானத்தோடு ஒட்டி நிற்க முடிந்ததா. முதல் கட்டம் முடியும்போது இந்தக் குறிப்புகள், பரீட்சை மதிப்பெண், மாணவனின் விருப்பம் எல்லாம் சேர்ந்து ஒரு வரிசை வருகிறது. அதோடு இன்னொன்றும் சேரும். அந்த முறை எந்தப் பிரிவுக்கு எத்தனை பேர் தேவை என்ற எண்ணிக்கை. நிறைய பிள்ளைகளின் தலையெழுத்தை அந்த எண்ணிக்கைதான் எழுதுகிறது. ஒரு குழுவில் ஃபைட்டர் கிடைத்திருக்க வேண்டிய கை, அடுத்த குழுவில் வந்ததால் டிரான்ஸ்போர்ட் கற்க எலஹங்காவுக்குப் போகும். இதைப் பிள்ளைகளிடம் யாரும் உடைத்துச் சொல்வதில்லை. சொல்லாததால் அவர்கள் அதைத் தங்கள் தகுதிக்கு விழுந்த அடியாக எடுத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

பட்டியலுக்குப் பிறகு வழிகள் பிரிந்துவிடும். ஃபைட்டர் பிள்ளைகள் ஹகிம்பேட்டையில் கிரண், அப்புறம் பீதரில் ஹாக் பயிற்சி ஜெட். ஹெலிகாப்டர் பிள்ளைகளும் ஹகிம்பேட்டைக்கே போவார்கள், ஆனால் சேத்தக்கில். டிரான்ஸ்போர்ட் பிள்ளைகளுக்கு பெங்களூரு எலஹங்காவில் டோர்னியர் விமானம்.

எங்கள் காலத்தில் ஹாக் கிடையாது. இளம் ஃபைட்டர் பைலட்டுகளுக்கு நல்ல பயிற்சி ஜெட் வேண்டும் என்ற பேச்சு, 1982-ல் அமைத்த லா ஃபோன்டைன் குழுவின் காலத்திலிருந்தே உண்டு. ஒப்பந்தம் கையெழுத்தானது 2004-ல். பீதரில் ஹாக் சேவைக்கு வந்தது 2008-ல். அந்த இடைவெளியில் கற்ற பையன்கள் மெதுவான பயிற்சி விமானத்திலிருந்து நேராக மிக்-21-க்குத் தாவினார்கள். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தரையைத் தொடுகிற விமானம் அது. என் அறைத் தோழனுக்கு முதல் வரியே கிடைத்தது. தேஜ்பூருக்கு மிக்-21 கற்கப் போனான். அவன் மேல் எனக்கு எவ்வளவு பொறாமை இருந்தது என்பதை அவனிடம் பின்னாளில்தான் சொன்னேன்.

எனக்குக் கிடைத்தது ஏ.என்-32. இரண்டு டர்போபிராப் எஞ்சின்கள், இறக்கைக்கு மேலே தூக்கி வைத்தது போல. வெயிலிலும் உயரத்திலும் வேலை செய்யவென்றே இந்தியா கேட்டு வாங்கிய விமானம், 1984-லிருந்து பறக்கிறது. பார்க்க அழகான விமானம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஃபைட்டர் நண்பர்கள் எங்களை லாரி டிரைவர் என்பார்கள். முதல் இரண்டு வருஷம் அது எனக்கு உறுத்தியது.

உறுத்தல் போன இடம் வடகிழக்கு. ஜோர்ஹாட்டிலிருந்து கிளம்பி அருணாசலப் பள்ளத்தாக்குகளுக்குள் நுழைவோம். சாலை போகாத எல்லைச் சாவடிகளுக்கு அரிசி, பருப்பு, உப்பு, மண்ணெண்ணெய். பின்கதவைத் திறந்து பாராசூட்டில் போடுவோம். இரண்டு பக்கமும் மலை, மேலே மேகம். பள்ளத்தாக்கில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாண்டிவிட்டால் திரும்ப இடம் கிடையாது. போயே ஆக வேண்டும். அந்த இடம் வருவதற்கு முன் கேப்டன் முடிவெடுக்க வேண்டும். நேவிகேட்டர் கடிகாரத்தைப் பார்த்து விநாடி சொல்வார். ஃப்ளைட் எஞ்சினியர் எஞ்சின் வெப்பத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். நால்வரில் ஒருவர் முகம் சுளித்தாலும் திரும்பிவிடுவோம். அந்தத் திரும்பல்களுக்குப் பதக்கம் கிடையாது. மறுநாள் கீழே இருக்கிறவர்கள் வானொலியில் உப்பு தீர்ந்துவிட்டது என்பார்கள். அது காதில் விழும்போதும் மேகம் விலகும்வரை காத்திருக்கத் தெரிய வேண்டும். இந்தப் பொறுமைக்குப் பயிற்சியில் மதிப்பெண் இல்லை. நான் பயிற்சியாளரான பிறகு அதைத் தேடித் தேடி எழுதினேன்.

லடாக்கில் இருக்கும் லே இன்னொரு பள்ளிக்கூடம். 10,682 அடி உயரத்தில் ஓடுபாதை. காற்று மெலிந்திருப்பதால் எஞ்சினின் பலம் குறையும். வெயில் ஏற ஏற இன்னும் குறையும், மத்தியானத்தில் காற்றும் வலுத்துவிடும். அதனால் சண்டிகரிலிருந்து விடியுமுன்னே கிளம்ப வேண்டும். அங்கே ஒரு எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்பதைப் படுக்கையில் கிடந்தபடி மனசுக்குள் ஓட்டிப் பார்க்காத டிரான்ஸ்போர்ட் பைலட் இருக்க மாட்டான். 2008-ல் ஒரு ஏ.என்-32 பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, லடாக்கில் சீன எல்லையோரம் இருக்கும் தவுலத் பேக் ஓல்டியில் இறங்கியது. 16,614 அடி. 2013 ஆகஸ்டில் அதைவிடப் பெரிய டிரான்ஸ்போர்ட் விமானமான சி-130ஜே அங்கே இறங்கியது. இரண்டிலும் நான் இல்லை. ஆனாலும் இரண்டு செய்தியையும் என் வீட்டு விசேஷம் போலத்தான் கேட்டேன்.

அறைத் தோழன் கதைக்கு வருகிறேன். அவன் மிக்-21-ல் நன்றாகவே இருந்தான். ஒருநாள் எஞ்சின் நின்று இஜெக்ட் ஆனான். உயிர் பிழைத்தான், முதுகெலும்பில் அடி. பெங்களூரில் விமான மருத்துவக் கழகத்தில் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். கடைசியில் இஜெக்‌ஷன் சீட் உள்ள விமானத்துக்குத் தகுதியில்லை, மற்றவை ஓட்டலாம் என்று முடிவானது. ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து எங்கள் ஸ்குவாட்ரனுக்கு வந்தான். நான் கேப்டன் சீட்டில், அவன் வலது பக்கம் கோ-பைலட் சீட்டில். முதல் சில சார்ட்டிகளில் என்னிடம் எதுவும் கேட்க மாட்டான். தனியாகவே எல்லாவற்றையும் செய்து பழகிய கை அது. எஞ்சினியரிடம் கேட்க வேண்டியதையும் தானே குனிந்து பார்ப்பான். ஒரு மாதம் போல ஆனதும் ஒருநாள் இறங்கி வரும்போது, "இதுல பேசிக்கிட்டே ஓட்டணும், எனக்கு அது தெரியலடா" என்றான். அதை அவன் சொன்ன பிறகு சீக்கிரம் கற்றுக்கொண்டான். அவன் கை என் கையைவிட எப்போதும் துல்லியம். நான் அவனிடம் கற்றதும் நிறைய.

எதிர்காலம் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் ஒளிக்காமல் சொல்வது இதுதான். படைக்குள் மிக உயரத்துக்குப் போக ஃபைட்டர் பாதைக்குச் சாய்வு இருக்கிறது. 2007-ல் ஃபாலி ஹோமி மேஜர் விமானப்படைத் தளபதியானபோது, ஹெலிகாப்டர் பைலட் ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. சோதனை விமானி, விண்வெளி என்று கனவு காண்கிறவர்களுக்கும் அப்படித்தான். ககன்யானுக்குத் தேர்ந்தெடுத்த நால்வரும் சோதனை விமானிகள். வெளியே வந்த பிறகு காற்று மாறி அடிக்கிறது. ஏர்லைன்கள் கேட்பது பல எஞ்சின் விமானத்தில் பறந்த நேரம், கேப்டனாக இருந்த நேரம். ஃபைட்டர் சார்ட்டி ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். எங்களுக்கு ஒரே நாளில் ஐந்தாறு மணி ஏறிவிடும். ஏர்லைனில் கேப்டனாக வேண்டிய ஏ.டி.பி.எல். உரிமத்துக்குத் தேவையான 1,500 மணி நேரத்தை நாங்கள் வெகு சீக்கிரம் தாண்டிவிடுவோம். ஹெலிகாப்டர்காரர்கள்தான் பாவம். மலை உச்சியில், வெள்ளத்தில், சியாச்சினில் சீட்டா ஹெலிகாப்டரோடு அவர்கள் செய்கிற வேலைக்கு ஈடே இல்லை. ஆனால் ஏர்லைனுக்கு வர வேண்டுமென்றால் இறக்கை விமானத்துக்குக் கிட்டத்தட்ட முதலிலிருந்து உரிமம் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கடலில் எண்ணெய்க் கிணறுகளுக்குப் பறக்கலாம்.

கணக்குப் போட்டு வாழ்க்கையை ஓட்டிவிட முடியும் என்றும் நினைக்கக் கூடாது. நான் இருபது வருஷம் முடித்து, ராத்திரி ராத்திரியாக, சிவில் விமான உரிமம் தருகிற டி.ஜி.சி.ஏ.வின் பரீட்சைகளுக்குப் படித்துத் தேறி, 2020 தொடக்கத்தில் வெளியே வந்தேன். மார்ச் 25-ம் தேதி உள்நாட்டு விமானங்கள் எல்லாமே நின்றன. சேரச் சொல்லியிருந்த நிறுவனம் காத்திருக்கச் சொன்னது. இரண்டு வருஷம் காத்திருந்தேன். இப்போது ஏ.டி.ஆர். பயணிகள் விமானம் ஓட்டுகிறேன். அதுவும் இரண்டு டர்போபிராப் எஞ்சின், இறக்கை மேலே. முதல்நாள் அந்தச் சத்தம் கேட்டதும் கண் கலங்கியது.

2016 என் மனசில் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ஜூன் 18-ம் தேதி துண்டிகலில் மூன்று பெண்கள் ஃபைட்டர் பிரிவில் அதிகாரிகளாக வெளியேறினார்கள். நாட்டிலேயே முதல் முறை. அதற்கு முன் இருபது வருஷத்துக்கும் மேலாகப் பெண்கள் டிரான்ஸ்போர்ட்டும் ஹெலிகாப்டரும் ஓட்டினார்கள். முதல் வரியில் ஃபைட்டர் என்று எழுதும் உரிமைதான் அவர்களுக்கு இல்லை. அணிவகுப்பு மைதானத்தின் ஓரத்தில் நின்று அன்று கை வலிக்கத் தட்டினேன். ஐந்து வாரம் கழித்து ஜூலை 22. தாம்பரத்திலிருந்து காலையில் போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்-32 ஒன்று, 29 பேரோடு வங்கக்கடலுக்கு மேல் காணாமல் போனது. நான் எத்தனையோ முறை போன தடம். தேடினார்கள், கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில்தான், சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவைப் படமெடுத்தது. ஏழரை வருஷம். கூட ஆள் இருக்குமா என்று அம்மா கேட்டது அந்த நாட்களில் எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது.

அந்த ஜூலைக்குப் பிறகு வந்த குழுவிடம் தாளைக் கொடுக்கும்முன், என் பொறுப்பில் இருந்த பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். ஜோர்ஹாட், லே, போர்ட் பிளேர் எல்லாம் சொன்னேன். முதல் வரியை இப்போதே எழுதுங்கள், இரண்டாவது வரியை நாளைக்கு எழுதுங்கள் என்றேன். ஒரு பையன் மறுநாள் வந்து, "சார், ராத்திரி தூங்கல" என்றான். ஹெலிகாப்டர் என்று எழுதியிருந்தான். காரணமும் எழுதியிருந்தான். அவன் ஊரில் வெள்ளம் வந்தபோது மொட்டை மாடியிலிருந்து அவன் பாட்டியைத் தூக்கியது ஒரு ஹெலிகாப்டர்.

போன மாதம் அக்கா மகன் போன் பண்ணினான். பைலட் தேர்வு இயந்திரச் சோதனையில் தேறிவிட்டான். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அதை எழுத விடுவார்கள், தவறினால் அவ்வளவுதான். மருத்துவமும் முடிந்தது. கால் நீளம், தொடை நீளம், உட்கார்ந்த உயரம் எல்லாம் அளவுக்குள் இருக்கிறதாம். ஜனவரியில் சேரச் சொல்லிக் கடிதம் வந்தால் கிளம்ப வேண்டியதுதான்.

"மாமா, ரஃபேல் கிடைக்குமா?" என்றான்.

"முதல் வரி சரி. இரண்டாவதுல என்னடா எழுதுவ?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "யோசிச்சுச் சொல்றேன் மாமா" என்று வைத்துவிட்டான். இன்னும் கூப்பிடவில்லை. ஜனவரிக்கு நாள் இருக்கிறது.