எங்கள் தொட்டிக்கு வரும் குட்டி

சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துப் பக்கமுள்ள எங்கள் நெடுந்தீவில் குட்டைகள் வற்றுகின்றன, அதனால் முருகைக்கல் மதிலோரத் தொட்டிக்கு விடியவே விருந்தாளிகள்: தீவின் காட்டுக் குதிரைகள். ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் விட்டுப்போன குதிரைகளின் வழி வந்தவை என்பார்கள். எங்களுக்கு அயலட்டைச் சனம்தான்.

இந்த முறை ஒரு தாய், செம்பழுப்புக் குட்டியோடு வருகிறது. குட்டி முதலில் தாயின் வயிற்றோடு ஒட்டி நின்றது, இப்போது தானாக வந்து தோளைக் காட்டுகிறது. குதிரைக்கு மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் கண் தெரியாது. ஆகவே பக்கவாட்டில் நின்று, கதைத்துக்கொண்டே கையை நீட்டவேண்டும். முகத்தைத் தடவுவதைவிடப் பிடரி முடியும் இடத்தில் சொறிந்துவிட்டால்தான் சொக்கிப்போகும். அப்போது மேலுதட்டை நீட்டி நெளிக்கும் அழகு இருக்கிறதே! குதிரைகள் ஒன்றையொன்று அங்கேதான் பல்லால் கோதிவிடும்.

அம்மம்மா பாண் துண்டோடு வருவா. மறித்தால் கோபம். கையில் தின்னப் பழகினால் நாளைக்குக் கடிக்கும், ஒத்துக்கொள்ளாததைத் தின்றால் குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது என்றேன். "உனக்கு மட்டும் பாண் வேணும், அதுக்கு வேண்டாமோ?" என்று கேட்டா. அதற்குள் குட்டி தாயின் இலத்தியைத் தின்னத் தொடங்கிவிட்டது. குடலுக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் அப்படியும்தான் சேருகின்றன. சரி, அதை அம்மம்மாவுக்கு யார் விளங்கப்படுத்துவது?