காஸ்டிலியெஹோஸ்: மகசேசே வளர்ந்த கொல்லன் வீடு

மகசேசே என்ற பெயரைச் செய்தித்தாளில் ஒருமுறையாவது படிக்காத தமிழர் குறைவு. 1971இல் எம்.எஸ். சுவாமிநாதனுக்கும், 1974இல் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கும், 1996இல் டி.என். சேஷனுக்கும், 2005இல் மருத்துவர் வி. சாந்தாவுக்கும் கிடைத்த விருதின் பெயர் என்ற அளவில் அது நமக்குப் பழக்கமானது. அந்தப் பெயருக்குரிய மனிதர், பிலிப்பைன்ஸின் அதிபராக இருந்த ரமோன் மகசேசே, எந்த ஊர்க்காரர், அவருடைய தகப்பனார் என்ன தொழில் செய்தார் என்று யாராவது கேட்டால் பெரும்பாலோர் விழிக்கத்தான் செய்வோம். வேலை நிமித்தம் மணிலாவில் தங்கியிருந்தபோது, ரோகாஸ் புலெவார்டில் கடலைப் பார்த்து நிற்கும் மகசேசே மையத்தை வெளியிலிருந்து பார்த்தேன். ராக்பெல்லர் சகோதரர்கள் நிதியத்தின் ஆதரவில் 1957இல், அதாவது அவர் இறந்த பிறகு, ஏற்படுத்தப்பட்ட விருதின் தலைமையிடம் அது. அங்கே நின்றபோது விருதைவிட ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசைதான் மேலிட்டது. அதற்கு மணிலா போதாது. சம்பாலெஸ் மாகாணத்துக்குப் போகவேண்டும்.

ரமோன் மகசேசே 1907 ஆகஸ்ட் 31ஆம் நாள் சம்பாலெஸின் தலைநகரான ஈபாவில் பிறந்தார். வளர்ந்தது அதே மாகாணத்தின் தென்பகுதியிலுள்ள காஸ்டிலியெஹோஸில். மணிலாவிலிருந்து ஈபா செல்லும் விக்டரி லைனர் பேருந்தில் ஏறினால் ஒரே வழியில் இரண்டு ஊர்களையும் பார்த்துவிடலாம். பாம்பாங்காவின் வயல்வெளியைக் கடந்து, மலை ஏறி இறங்கி, பேருந்து ஒலோங்காப்போவுக்குள் நுழைகிறது. 1992 வரை அமெரிக்கக் கடற்படைத்தளத்தை நம்பி வாழ்ந்த அந்த நகரத்தின் முக்கியக் கடைவீதிக்கும் மகசேசேயின் பெயர்தான். அங்கிருந்து சூபிக்கைத் தாண்டினால் காஸ்டிலியெஹோஸ். வலப்பக்கம் மலைத்தொடர் கூடவே வருகிறது. இடப்பக்கம் கடல் இருக்கிறது என்று வரைபடம் சொல்கிறதே தவிர, சாலையிலிருந்து தெரிவதில்லை. பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, காத்து நின்ற மூன்று சக்கர வண்டிக்காரரிடம் "மகசேசே வீடு" என்றேன். "ஏறுங்கள் சார்" என்பதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. வாடகையைக்கூட நான்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வீடு இப்போது நினைவில்லமாக இருக்கிறது. பழைய நிழற்படங்களும், குடும்பத்தாரின் பொருள்களும், பதவிக்காலத்தின் நினைவுச் சின்னங்களும் உள்ளே வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு நாட்டின் அதிபரைத் தந்த வீடு என்று நினைத்துக்கொண்டு போகிறவருக்கு இது எளிமையாகத் தோன்றும். கொல்லனின் வீடு என்று நினைத்துக்கொண்டு போகிறவருக்கோ வசதியாகத் தோன்றும். இந்த இரண்டும் உண்மை என்பதற்குப் பின்னால் வருகிறேன். வீட்டைக் காட்டிய மூதாட்டி அதிபரைப் பற்றி அதிகம் பேசவில்லை. 1991இல் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது புயல்மழையும் சேர்ந்துகொள்ள, நனைந்த சாம்பலின் கனம் தாங்காமல் அக்கம்பக்கத்துக் கூரைகள் இறங்கியதைத்தான் கையை உயர்த்தி உயர்த்திக் காட்டி விவரித்தார்.

தகப்பனார் எக்செக்கியெல் மகசேசே முதலில் கொல்லர் அல்லர். ஈபாவின் அரசுப் பள்ளியில் தச்சுவேலை கற்பித்த ஆசிரியர். அமெரிக்கர் ஆட்சியில் அமைந்த பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் கைத்தொழிலுக்கு முக்கிய இடம் இருந்தது. எழுத்தும் கணக்கும் போல மரவேலைக்கும் மதிப்பெண் உண்டு. அவர் வகுப்பில் படித்தவர்களில் ஒருவன் பள்ளிகளின் மேற்பார்வையாளருடைய மகன். பையனுக்கு வேலை வரவில்லை. தேர்ச்சி போடமுடியாது என்று எக்செக்கியெல் சொல்லிவிட்டார். சொன்ன சொல்லிலிருந்து இறங்கவும் இல்லை. அதன் விளைவாக வேலை போயிற்று. மனைவி பெர்ஃபெக்தா டெல் ஃபியெரோவின் சொந்த ஊரான காஸ்டிலியெஹோஸுக்குக் குடும்பம் இடம்பெயர்ந்து, அங்கே ஒரு பட்டறை போட்டது. எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவரான ரமோன் அப்போது சிறுவன்.

இந்த நிகழ்ச்சி பிலிப்பைன்ஸில் மகசேசேயைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வருகிறது. தலைவரான பிறகு எழுதப்படும் வரலாறுகளில் இளமைக்காலத்துக்கு மெருகு ஏறுவது எங்கும் உள்ள வழக்கம் என்பதால், இத்தகைய கதைகளை நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் கேட்பேன். ஆயினும் இந்தக் கதையில் நம்பத்தக்க ஒரு கடினம் இருக்கிறது. சரித்திரப் பாடத்தில் பையனுக்குப் பத்து மதிப்பெண் கூட்டிப் போட்டுவிட்டு மனத்தைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம். மரவேலையில் அது நடக்காது. பொருத்து சேராமல் இடைவெளி விட்டிருந்தால் அது யார் மகன் செய்தாலும் இடைவெளிதான், வகுப்பிலுள்ள மற்றப் பையன்கள் அத்தனைபேர் கண்ணிலும் படும். தச்சு ஆசிரியர் ஒருவர் அதிகாரியின் சிபாரிசை ஏற்க முடியாமல் போனதற்குக் குணம் எவ்வளவு காரணமோ, கைத்தொழிலின் இயல்பும் அவ்வளவு காரணம் என்று எனக்குப் படுகிறது.

பட்டறை என்றால் நம் ஊர்க் கொல்லுலையையே நினைத்துக்கொள்ளலாம். கலப்பைக்குக் கொழு அடிப்பது, அரிவாள் தீட்டுவது, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை ஏற்றுவது என்று ஒரு விவசாய ஊருக்கு வேண்டியவற்றைச் செய்துகொடுக்கும் இடம். துருத்தி ஊதவும் குறடு பிடிக்கவும் அத்தகைய வீட்டுப் பிள்ளைகளைத் தனியாக அழைக்க வேண்டியதில்லை. பின்னாளில் மோட்டார் இயந்திரங்களின் மேல் மகசேசேக்கு இருந்த ஈடுபாடு தொடங்கிய இடம் இதுவாகத்தான் இருக்கவேண்டும். தாயார் பெர்ஃபெக்தாவைப் பற்றி வரலாறுகள் குறைவாகவே பேசுகின்றன. வேலையிழந்து வந்த கணவரோடும் வரிசையாகப் பிறந்த பிள்ளைகளோடும் புதிதாகத் தொழில் தொடங்கிய குடும்பத்தின் வரவுசெலவை இழுத்துப் பிடித்தது யார் என்பதை எட்டுப் பிள்ளை பெற்ற எந்த வீட்டிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மேலே விட்ட இடத்துக்கு வருகிறேன். 1953 தேர்தலில் மகசேசே குடியானவ மக்களின் மகனாக முன்னிறுத்தப்பட்டார். அந்தத் தோற்றத்தை வளர்த்தெடுத்ததில் அமெரிக்க உளவுத்துறையைச் சேர்ந்த எட்வர்ட் லான்ஸ்டேலுக்குப் பங்குண்டு என்பது இன்று எல்லாரும் அறிந்த செய்தி. உண்மையில் அவர் கூலிவேலை செய்தவரின் மகன் அல்லர். தொழில் கைவசமிருந்த, பிள்ளையை ஊர்விட்டு ஊர் அனுப்பி உயர்நிலைப் பள்ளியில் சேர்க்க முடிந்த நடுத்தரக் குடும்பம் அது. ஆனால் அன்றைய பிலிப்பைன்ஸ் அரசியலில் மேலே வந்தவர்கள் பெரும்பாலும் பெருநிலக்கிழார்களும் மணிலா வழக்கறிஞர்களும். அவர்களோடு ஒப்பிட்டால் பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளை மிகக் கீழிருந்து வந்தவரே. எனவே 'ஏழை மகன்' என்பதைத் தேர்தல் மேடைப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டு, கைவேலை தெரிந்தவர் வீட்டு மகன் என்று எடுத்துக்கொண்டால் மனிதர் சரியாகப் புலப்படுகிறார்.

உயர்நிலைப் படிப்பு சான் நார்சிசோ என்ற ஊரிலிருந்த சம்பாலெஸ் அகாதமியில். காஸ்டிலியெஹோஸிலிருந்து வடக்கே சான் மார்செலினோவைத் தாண்டிப் போகவேண்டும். நான் போன வழியில், சான் நார்சிசோவுக்கு அப்பால் சாந்தோ தோமாஸ் ஆற்றின் மேல் நீண்ட பாலம் ஒன்று வருகிறது. கீழே தண்ணீரைவிடச் சாம்பல்நிற மணல்தான் அதிகம். பினாட்டுபோ கக்கிய சாம்பல், மழைக்காலந்தோறும் சேறாகக் கரைந்து வந்து படுகையை மேடாக்கிவிட்டது. இந்த எரிமலையின் பெயர் மகசேசேயின் வாழ்க்கையில் வேறோர் இடத்தில் வருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1927இல் மணிலா சென்று பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கத் தொடங்கினார். செலவுக்காகக் கார் ஓட்டுநராக வேலை பார்த்துக்கொண்டே படித்தார். படிப்பு ஓடவில்லை. ஹோசே ரிசால் கல்லூரிக்கு மாறி வணிகவியல் முடித்தார். பிறகு டிரை டிரான் பேருந்து நிறுவனத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்து, பணிமனையின் பொறுப்பாளராகி, கிளை மேலாளர் வரை உயர்ந்தார். 1933இல் பாட்டான் மாகாணத்துப் பெண்ணான லூஸ் பான்சோனை மணந்தார். உலகப்போர் வராமல் இருந்திருந்தால் பேருந்துக்காரராகவே ஓய்வு பெற்றிருப்பார் என்று நினைக்கிறேன். போரில் ராணுவத்தின் மோட்டார் பிரிவில் சேர்ந்ததும், 1942இல் பாட்டான் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது சரணடையாமல் தம் சொந்த சம்பாலெஸ் மலைகளுக்குள் போய்க் கொரில்லாப் படை நடத்தியதும், 1945இல் மாகாணத்தின் ராணுவ ஆளுநரானதும், 1946இல் நாடாளுமன்றம் சென்றதும் பல நூல்களில் விரிவாக உள்ளவை.

எனக்கு முக்கியமாகப் பட்டது, ஈபாவில் தந்தைக்கு நேர்ந்தது மகனின் பொதுவாழ்வில் எங்கெல்லாம் தலைகாட்டுகிறது என்பதுதான். 1950இல் பாதுகாப்புச் செயலாளர், அதாவது நம் வழக்கில் பாதுகாப்பு அமைச்சர், ஆனவுடன், முன்னறிவிப்பில்லாமல் முகாம்களுக்குப் போய்த் தாமே பார்வையிட்டார். சிப்பாய்களின் நாள்படியை 30 சென்டாவோவிலிருந்து ஒரு பெசோவாக உயர்த்தினார். பழைய படியில் வயிறு நிறையாத சிப்பாய் குடியானவன் வீட்டுக் கோழியைத்தான் பிடிப்பான் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. 1951இல் நெக்ரோஸ் தீவில், ஆளுநரின் விருப்பத்துக்கு மாறாக மேயர் தேர்தலில் நின்ற மொய்செஸ் பாடில்யா என்பவர் சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். மகசேசே நேரில் சென்று அவருடைய உடலைத் தம் கைகளில் ஏந்தி வந்தார். ஆளுநர் ரஃபாயெல் லாக்சோன் வழக்கைச் சந்தித்துத் தண்டனையும் பெற்றார். அதிபரானதும், சாதாரண மக்கள் அனுப்பும் முறையீடுகளை விசாரிக்கவென்றே ஒரு குழு அமைத்தார். அதிபரின் இருப்பிடமான மலகான்யாங் மாளிகையின் கதவுகளை மக்களுக்குத் திறந்துவிட்டார். தம் தந்தையே சட்டத்தை மீறினாலும் சிறைக்கு அனுப்புவேன் என்று அவர் சொன்னதாக இன்றும் அங்கே மேற்கோள் காட்டுகிறார்கள். மேடையில் எவரும் சொல்லக்கூடிய வாசகம்தான் அது. ஆனால் மேற்பார்வையாளர் மகனுக்குத் தேர்ச்சி போட மறுத்த ஒருவரைத் தந்தையாகப் பெற்றவர் சொல்லும்போது, அந்தத் தந்தை அதைக் கேட்டுக் கோபப்பட்டிருக்கமாட்டார் என்று நமக்குத் தெரிகிறது.

1957 மார்ச் 17ஆம் நாள் செபு தீவிலிருந்து மணிலா திரும்பும் வழியில் அவருடைய விமானம் மனுங்கல் மலையில் மோதியது. உள்ளே இருந்த 26 பேரில் நெஸ்தோர் மாதா என்ற பத்திரிகையாளர் மட்டும் பிழைத்தார். விமானத்துக்குச் சூட்டப்பட்டிருந்த பெயர் மவுண்ட் பினாட்டுபோ. அப்போது அது அவர் சொந்த மாகாணத்தின் அமைதியான ஒரு மலை. எரிமலை என்பதைக்கூடப் பெரும்பாலோர் அறிந்திராத காலம். மகசேசேக்கு வயது 49. எக்செக்கியெலும் பெர்ஃபெக்தாவும் அப்போது உயிரோடு இருந்தார்கள். தந்தை மகனுக்குப் பிறகும் 12 ஆண்டுகள் வாழ்ந்து 1969இல் மறைந்தார். தாயார் அதற்குப் பின்னும் இருந்தார்.

அதே 1969இல்தான் ரமோனின் தம்பியும் செனட்டருமான ஹெனாரோ மகசேசே துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். பின்னர் மகன் ரமோன் இளையவர் 1995 முதல் 2007 வரை செனட்டராக இருந்தார். குடும்பத்தைச் சேர்ந்த விசென்தே மகசேசே சம்பாலெஸ் ஆளுநர் பதவியில் பல ஆண்டுகள் இருந்தார். இவர்களைத் தகுதியில்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு முகாந்திரம் இல்லை. எனினும் சிபாரிசுக்கு இடங்கொடாததால் உருவான ஒரு பெயர், வாக்குச்சீட்டில் தானே பெரிய சிபாரிசாக ஆகிவிட்டதைக் கவனிக்காமல் இருக்கமுடியவில்லை. பிலிப்பைன்ஸில் அரசியல் குடும்பங்கள் புதிதல்ல. அதைக் குறை சொல்லும் தகுதி நமக்கும் அவ்வளவாக இல்லை.

காஸ்டிலியெஹோஸோடு திரும்பிவிடாமல் ஈபா வரை போவது நல்லது. அவர் பிறந்த அந்த ஊரில் இப்போது அவர் பெயரால் ஒரு அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஏப்ரல் வாக்கில் போனால் சம்பாலெஸ் மாம்பழத் திருவிழாவையும் பார்க்கலாம்; மாம்பழ விஷயத்தில் சேலத்துக்காரர்கள் என் மேல் வருத்தப்பட வேண்டாம், அங்கே கிடைப்பது நார் இல்லாத, தேன் போன்ற பழம். மணிலாவுக்குத் திரும்பும் பேருந்தும் அதே காஸ்டிலியெஹோஸ் வழியாகத்தான் வருகிறது என்பதால், போகும்போது வீடு பூட்டியிருந்தால் வரும்போது இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம்.