கிடையை எங்கே போடச் சொல்வது?

"வண்டு தின்னா நல்லது, ஆடு தின்னா கெட்டதா தம்பி?"

வாலிநோக்கம் பக்கத்துக் கண்மாயில் சீமைக்கருவேலத்தைத் தூரோடு எடுத்து முடித்த கோடையில், ஊர் ஊராக ஆடு மேய்த்துப் போகும் ஒரு கீதாரி கேட்டது இது. கண்மாய்க்குள் கிடை போட்டு ஆடுகளை அடைக்க வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

வண்டுக் கதையையும் நானே சொல்லியிருந்தேன். சீமைக்கருவேல மரத்தடியில் கிடக்கும் நெத்தில், அதாவது காய்ந்த காயில், வண்டு முட்டையிடும். புழு விதைக்குள் புகுந்து பருப்பைத் தின்றுவிடும். ஆடு முந்திக்கொண்டால் வண்டுக்கு விதை மிஞ்சாது. தென்னாப்பிரிக்காவில் 1987-ல் இதற்கென்றே வண்டு கொண்டுவந்து விட்டார்கள். அங்கேயும் கால்நடைகள் நெத்தை முதலில் தின்றது பெரிய தடையாகிவிட்டது.

"வண்டு விதையைத் தின்னுது, ஆடு சதையைத்தானே தின்னுது அண்ணே" என்றேன். காய்ந்த புழுக்கை ஒன்றை நகத்தால் உடைத்துக் காட்டினேன். பழுப்பு நிறத்தில் ஒரு விதை, கீறல்கூட இல்லை. போன வருசம் கிடை கிடந்த இடத்தில் மழைக்குப் பிறகு கன்றுகள் கொத்துக் கொத்தாக முளைத்ததை அவரும் பார்த்தவர்தான். மறுக்கவில்லை.

ஆனாலும் நான் சொன்னது முழுக் கணக்கு இல்லை. செம்மறியும் வெள்ளாடும் நன்றாக மெல்லும். தின்ற விதையில் பெரும்பங்கு நொறுங்கிவிடும். விதையை அதிகம் முழுசாகக் கழிப்பது மாடு. மாடுகள் உள்ளூர்க்காரர்களுடையவை. ஊர்க்கூட்டத்தில் சொல்லிப் பார்த்தோம், மேய்ச்சல் நிற்கவில்லை. நின்றது, நான்கு நாளில் கிளம்பிவிடுகிற ஒருவருடைய கிடை மட்டும்தான். தடுக்க முடிந்தவரைத் தடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். எளிதில் தடுக்கக் கூடியவரைத் தடுத்தேன் என்றும் சொல்லலாம்.

நெத்துத் தின்ற ஆட்டை ஒரு வாரம் வெளியே நிறுத்தி, வயிறு கழிந்த பிறகு உள்ளே விடலாம் என்றும் சொன்னேன். நல்ல யோசனை என்றே இப்போதும் நினைக்கிறேன். அவர் கேட்டது வேறு: "அந்த ஒரு வாரம் தீவனத்துக்கு?" சித்திரை வெயிலில் அந்தக் கரையில் நெத்தை விட்டால் ஆட்டுக்கு வேறென்ன இருக்கிறது? எங்கள் திட்டத்தில் தீவனத்துக்குப் பணம் கிடையாது. மரம் எடுக்கத்தான் உண்டு.

சரி என்று கிளம்பி, இரண்டு ஊர் தள்ளி ஒரு புஞ்சையில் கிடை போட்டார். அங்கே முளைக்கப்போகும் கன்றுகள் எங்கள் அறிக்கையில் வராது.