லூயிஸ் எழுந்த கதை
"ஒரே அடியில விழுந்தவன், இனி அவ்வளவுதான்"னு சொல்றவங்ககிட்ட நான் குத்துச்சண்டை வீரர் லெனாக்ஸ் லூயிஸைத்தான் காட்டுவேன்.

2001 ஏப்ரல், தென்னாப்பிரிக்கா. கடல்மட்டத்துல இருந்து நல்ல உயரமான இடம். மூச்சு பழகவே நாளாகும். இவரோ ஹாலிவுட் படத்துல தலைகாட்டிட்டு சாவகாசமா வந்து இறங்கினார். ஐந்தாவது ரவுண்ட்ல ஹசீம் ரஹ்மானோட வலது கை தாடையில இறங்குச்சு. உலக ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) பட்டம் போச்சு. வயசு வேற 35.

மறுபோட்டியும் சும்மா கிடைக்கல. கோர்ட்டுக்குப் போய், ஒப்பந்தத்தைக் காட்டி வாங்கினார். (அந்த வழக்குதான் அவரோட நல்ல குத்துன்னு நான் சொல்வேன்!)

நவம்பர், லாஸ் வேகாஸ். நாலாவது ரவுண்ட். இடது கையால ஒரு ஹூக் (பக்கவாட்டுல வளைச்சு விடுற குத்து), பின்னாலேயே வலது. ரஹ்மான் பத்து எண்ணுறதுக்குள்ள எழ முடியல.

அடுத்த வருஷம் ஜூன்ல, மெம்பிஸ்ல, எட்டாவது ரவுண்ட்ல மைக் டைசனையும் சாய்ச்சார்.