மேசையில் கேட்காமல் விட்ட கேள்வி

விழிப்புநிலை மூளை அறுவையில் கத்தி என் கையில் இருப்பதில்லை. பச்சைத் துணிகளுக்கு இப்பால், நோயாளியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வதும், பதில் தடுமாறினால் அது எந்த வகைத் தடுமாற்றம் என்று அறுவை மருத்துவருக்கு உடனே சொல்வதும்தான் பேச்சு மொழிச் சிகிச்சையாளரான என் வேலை. அந்தப் பெண்ணின் அறுவையில், இதற்கு மேல் கட்டியை எடுக்க வேண்டாம் என்ற பொருளில், "இதுதான் எல்லை சார்" என்று சொன்னது நான்தான். சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய நாள் அவள் என்னிடம் சொன்னதையும், மேசையில் நாங்கள் அவளிடம் கேட்காமல் விட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அந்த நிச்சயம் ஆட்டம் காண்கிறது.

அவளுக்கு வயது 27. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் விற்பனையாளர். வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை நின்று, வலது கை வெட்டி இழுத்திருக்கிறது. உடன் வேலை பார்த்தவர்கள் கையில் சாவிக்கொத்தைத் திணித்து, சோடா வாங்கிக் கொடுத்து, காலையில் சாப்பிடாமல் வந்ததால் வந்த மயக்கம் என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதேபோல் இன்னும் சில முறை வந்த பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளையின் இடது பொட்டு மடலில், கிளையோமா என்ற மூளைப் புற்றுக்கட்டி, மெதுவாக வளரும் வகை. வலதுகைப் பழக்கம் உள்ள பெரும்பாலோருக்கு மொழி குடியிருக்கும் பக்கம் அது.

அறுவைக்கு முந்தைய நாள் எல்லாப் படங்களையும் ஒருமுறை காட்டிவிடுவோம். நோயாளிக்கு இயல்பாகவே பெயர் வராத படங்களை அன்றே விலக்கிவிட்டால்தான், மறுநாள் வரும் பிழை கட்டியைச் சுற்றியுள்ள இடத்தால் வந்தது என்று நம்பலாம். அத்துடன் ஒவ்வொருவரின் தொழிலையும் ஒட்டிச் சிலவற்றைச் சேர்ப்பதும் உண்டு என்பதால் அவளுக்குச் சேலை நிறங்களைச் சேர்த்திருந்தேன். நான் நீலம் என்று எழுதி வைத்திருந்ததை அவள் எம்.எஸ். புளூ என்றாள், பச்சை என்றதைக் கிளிப்பச்சை என்றாள். மயில்கழுத்து, அரக்கு, வெங்காயத்தோல் என்று, நான் காட்டி முடிப்பதற்குள் பெயர்கள் வந்து விழுந்தன. என் பட்டியலைத்தான் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

படங்களை எடுத்து வைக்கும்போது சொன்னாள்: "மேடம், நாளைக்கு நான் தப்பா சொன்னா நிறுத்தச் சொல்லிடாதீங்க. பேச்சு கொஞ்சம் போனாலும் பரவாயில்ல, முழுசா எடுத்துடச் சொல்லுங்க. பாப்பா இஸ்கூல் போய்ப் பெரியவளாகுற வரைக்கும் நான் இருக்கணும்."

அப்போதே அறுவை மருத்துவரிடம் சொன்னேன். அன்று மாலை அவர் வந்து, கணவரையும் அருகில் வைத்துக்கொண்டு பொறுமையாகவே பேசினார். அந்த இடத்தில் போவது பேச்சு மட்டுமல்ல, மற்றவர் பேசுவது புரிவதும் படிப்பதும் சேர்ந்தே போகலாம். குழந்தை கூப்பிடுவதுகூட வெறும் ஓசையாகிவிடலாம் என்றார். அவள் தலையாட்டினாள், கையெழுத்திட்டாள். அவள் மனம் மாறித்தான் தலையாட்டினாளா, பெரிய டாக்டர் இவ்வளவு நேரம் நின்று சொல்லும்போது மறுத்துப் பேசக் கூச்சப்பட்டாளா என்பது எனக்குத் தெரியாது. தனியாக இன்னொரு முறை கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டவரை அறுவைக்கு முந்தைய இரவில் மறுபடி கிளறுவதும் முறையல்ல என்றுதான் எங்கள் துறையில் பலரும் சொல்வார்கள்.

மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. தோலையும் உறைகளையும் மரத்துப்போகச் செய்துவிட்டால், மண்டை திறந்திருக்கும்போதே நோயாளி விழித்திருந்து பேச முடியும். மருத்துவர் ஒரு சிறு மின்முனையை மூளையின் ஓரிடத்தில் வைத்து மெல்லிய மின்சாரத்தைச் செலுத்துவார். அந்தச் சில நொடிகளுக்கு அந்த இடம் செயலிழக்கும். நான் படம் காட்டுவேன். "இது" என்று தொடங்கிப் பெயரைச் சொல்ல வேண்டும். "இது" கூட வரவில்லை என்றால் பேச்சே நின்றுவிட்டது என்று பொருள். "இது" வந்து பெயர் வரவில்லை அல்லது வேறு பெயர் வந்தால் சொற்களுக்கான வழி தடைபட்டது என்று பொருள்.

மேற்பரப்பில் எல்லாம் நன்றாகவே போயிற்று. கட்டியில் பெரும்பகுதி வெளியே வந்துவிட்ட பிறகு, ஆழத்தில், ஊசியின் படத்துக்கு அவள் "இது நூல்" என்றாள். மின்முனையை எடுத்ததும் ஊசி என்றாள். களைப்பாக இருக்கலாம் என்று சிறிது நேரம் நிறுத்தி, ஈரத் துணியால் அவள் உதட்டை நனைத்தேன். இடையில் வேறு படங்களைக் காட்டிவிட்டு மறுபடி அதே இடத்துக்கு வந்தபோது மறுபடி "நூல்". மூன்றாவது முறையும் அதுவே. பொருளால் நெருங்கிய இன்னொரு சொல் வந்து விழுவது, பொருளைச் சொல்லோடு இணைக்கும் நரம்புக் கற்றையை நாம் தொட்டுவிட்டதன் அடையாளம்.

"இன்னும் கொஞ்சம் கட்டி தெரியுது. என்ன சொல்றீங்க?" என்று மருத்துவர் கேட்டார். நான் எல்லை என்றேன். அந்த நேரத்தில் அவள், "தப்பா சொல்லிட்டேனா மேடம்? இன்னொரு தடவை காட்டுங்க, சரியா சொல்றேன்" என்றாள். நான் "நல்லா சொன்னீங்கம்மா, போதும்" என்றேன்.

அவள் என்னிடம் கேட்டது படத்தை மட்டுமல்ல என்பது எனக்கு அப்போதே தெரியும். அவள் விழித்திருந்தாள். தொடரலாமா என்று ஒரு கேள்வி கேட்டிருக்க முடியும். தலையைக் கவ்விகளில் பூட்டி, மயக்க மருந்தின் மிச்சம் உடலில் இருக்க, மொழியின் இருப்பிடத்தையே தொட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவர் தரும் சம்மதத்தை எப்படி ஏற்பது என்பதுதான் நாங்கள் கேட்காததற்கு நியாயம். அது வலுவான நியாயம். ஆனால் அன்று அந்த அறையில் நாங்கள் நம்பியிருந்த ஒரே கருவி அவள் வாய்தான். எல்லை எங்கே என்று சொல்ல அந்த வாயை முழுமையாக நம்பினோம். எல்லையைத் தாண்டலாமா என்று சொல்ல அதை நம்பவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நியாயப்படுத்த நான் எவ்வளவோ முயன்றுவிட்டேன்.

எனக்கு ஆறுதல் தரும் ஆய்வு ஒன்று உண்டு. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் குழுவினர் 2008-இல் வெளியிட்டது. இப்படி மின்தூண்டலால் எல்லை வகுத்து அறுவை செய்யப்பட்ட 250 பேரைப் பார்த்ததில், ஆறு மாதத்துக்குப் பிறகும் பேச்சுக் குறை நீடித்தது 1.6 சதவீதத்தினருக்கு மட்டுமே. அதே ஆண்டு அதே இடத்திலிருந்து இன்னொரு ஆய்வும் வந்தது. மெதுவாக வளரும் கிளையோமா உள்ள 216 பேரில், கட்டியில் 90 சதவீதமாவது எடுக்கப்பட்டவர்களில் 91 சதவீதத்தினர் எட்டு ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தார்கள். அதற்குக் குறைவாக எடுக்கப்பட்டவர்களில் 60 சதவீதத்தினர். அவளுக்கு ஏறத்தாழ 85 சதவீதம் எடுத்திருந்தோம். எடுக்க முடியாத இடத்தில் கட்டி இருப்பவர்களின் நோயே தொடக்கத்திலிருந்து வேறு மாதிரியாக இருக்கலாம், ஆகவே இந்த ஒப்பீட்டை அவள்மேல் நேராகப் பொருத்தக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பொருத்திப் பார்க்கிறேன்.

அறுவைக்குப் பிறகு 54 கிரே (கதிர்வீச்சின் அளவு அலகு) கதிர்வீச்சை 30 தவணைகளாகக் கொடுத்தார்கள். பிறகு டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மாத்திரைகள். வாந்தி, களைப்பு, ஒரு பக்கம் மட்டும் கொட்டிய முடி எல்லாவற்றையும் தாண்டிக் கடைக்குத் திரும்பினாள். மறுபரிசோதனைக்கு வந்த ஒரு நாள் என் அறைக்கு வந்து, "நான் நூல்னு சொன்னப்பதானே நிறுத்தினீங்க? அந்தப் படத்த இப்ப காட்டுங்க" என்றாள். இத்தனை தெளிவாக அதை நினைவு வைத்திருப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காட்டினேன். "ஊசி. பாத்தீங்களா, சொல்றேன்ல?" என்றாள்.

நிறுத்தியதால்தான் அவளால் சொல்ல முடிகிறது என்பது என் பக்கத்துச் சான்று. சொல்ல முடிகிறது என்றால் இன்னும் கொஞ்சம் போயிருக்கலாமே என்பது அவள் பக்கம். அவள் கோபப்படவில்லை. நான் விளக்கம் சொல்லத் தொடங்கியதும், "தெரியும் மேடம், டாக்டர் சொன்னாரு" என்று எழுந்துவிட்டாள்.

நான்காம் ஆண்டில் கட்டி மீண்டும் வளர்ந்தது. இந்த முறை நான்காம் நிலை, அதாவது மிக வேகமாக வளரும் வகை. கடைசி மாதங்களில் சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. நாங்கள் காப்பாற்றிய பேச்சையே நோய் எடுத்துக்கொண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் குழந்தைக்குப் பேச்சு வந்ததும், அது பேசியதற்கெல்லாம் அவள் பதில் பேசியதும் வீணில்லை என்று உறுதியாகச் சொல்வேன். மகள் எல்.கே.ஜி. சேர்ந்ததைப் பார்த்தாள். அவள் கேட்டது அந்த அளவு மட்டுமல்ல என்பதையும் அதே உறுதியோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது முந்தைய நாள் நோயாளி சொல்வதை அவர் வார்த்தையிலேயே கோப்பில் எழுதிவிடுகிறேன். மேசையிலும் அதை ஒருமுறை கேட்க வேண்டும் என்று எங்கள் குழுக் கூட்டத்தில் சொன்னேன். தப்பித்து ஓட முடியாத நிலையில் படுத்திருப்பவரிடம் அப்படிக் கேட்பது கொடுமை என்றார் மயக்கவியல் மருத்துவர். அவர் சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை. கேட்க வேண்டும் என்ற கருத்தையும் நான் விட்டுவிடவில்லை. கோப்பில் எழுதியதை யார், எந்தக் கட்டத்தில், நோயாளியின் காதில் விழும்படியா விழாதபடியா படிப்பது என்பதில் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.