மூன்று தரம் சொன்ன பிறகு

மாமாவும் மெக்கானிக் அண்ணனும் நானும் சங்ககிரி பக்கத்து யார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை ஏழரை. பழைய ஜேசிபி ஒன்று ஏலத்தில் எடுக்கத்தான் வந்திருந்தோம். ஏலம் மறுநாள்தான். "வண்டி பாக்கறதுன்னா வெயில் ஏர்றதுக்கு முன்னாடி பாக்கோணும் தம்பி. இன்ஜின் குளுந்து கெடக்கறப்பத்தான் அதோட லட்சணம் தெரியும்" என்று மெக்கானிக் அண்ணன் எங்களைத் தாராபுரத்திலிருந்து ஐந்து மணிக்கே கிளப்பிவிட்டார்.

என்னிடம் இருப்பது ஒரு டிராக்டரும் ஒரு டிப்பரும். வாய்க்கால் வெட்ட, தென்னங்குழி போட, காடு திருத்த என்று ஆறு வருஷமாக ஜேசிபியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து வேலை முடித்துக் கொடுக்கிறேன். கையில் வருவதில் பாதி வாடகைக்கே போய்விடும். புதுசு வாங்க 30 லட்சத்துக்கு மேல் வேண்டும். டியூ கட்டாமல் ஃபைனான்ஸ்காரர்கள் சீஸ் பண்ணிய வண்டிகள் ஏலத்துக்கு வரும் என்று தெரியும். ஆனால் போய் நின்று பார்த்ததில்லை.

பதிவு செய்வது பெரிய வேலையாக இல்லை. பான், ஆதார், ஜிஎஸ்டி சான்று, கேன்சல் செய்த செக் ஒன்று, 50,000 ரூபாய் டெபாசிட். வண்டி எதுவும் எடுக்காவிட்டால் டெபாசிட் திரும்பி வந்துவிடும். சிரமம் ஏல வண்டிப் பட்டியலைப் படிப்பதில்தான் இருந்தது. எங்கள் பக்கம் மண் தோண்டும் நாலு டயர் வண்டி எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஜேசிபிதான். பெரியவர்களுக்கும் செய்தித்தாள்காரர்களுக்கும் பொக்லைன். அது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். டயருக்குப் பதில் செயினில் ஓடும் செயின் வண்டி என்றால் யார் செய்ததாக இருந்தாலும் ஹிட்டாச்சி. பட்டியலிலோ டயர் வண்டியை பேக்ஹோ லோடர் என்றும் செயின் வண்டியை எக்ஸ்கவேட்டர் என்றும் போட்டிருந்தார்கள். முதல் தடவை புரட்டியபோது ஜேசிபியே இல்லையென்று நினைத்து மூடி வைத்துவிட்டேன்.

செயின் வண்டி ஒன்று குறைந்த விலையில் இருந்ததைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் சபலம். மாமா ஒரே கேள்வி கேட்டார்: "பக்கத்தூர்ல ரெண்டு மணி நேர வேலை வந்தா எப்படிடா கொண்டு போவ?" செயின் வண்டி தார்ரோட்டில் போக முடியாது. ஒவ்வொரு தடவையும் லோ பெட் டிரெய்லர் பிடிக்க வேண்டும். கல்குவாரிக்கும் ஏரி வேலைக்கும் அது சரி, எனக்குச் சரிவராது. டயர் வண்டியிலும் பழைய மாடல்தான் வேண்டும் என்று மெக்கானிக் அண்ணன் பிடிவாதமாக இருந்தார். 2021 ஏப்ரலிலிருந்து டயர் வண்டிகளுக்குப் புதிய புகை விதி வந்துவிட்டது. அதற்கப்புறம் வந்த இன்ஜினில் சென்சார், வயரிங் எல்லாம் அதிகம். கோளாறு வந்தால் லேப்டாப்போடு கம்பெனி ஆள் வர வேண்டும். பழசென்றால் அவரே ஸ்பேனரோடு வந்துவிடுவார். தன் பிழைப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று தெரியும், ஆனாலும் சொன்னது நியாயம்தான்.

யார்டில் லாரி, டிராக்டர், கார் எல்லாம் தாண்டிக் கடைசியில் ஏழு ஜேசிபி வரிசையாக நின்றன. சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம், நகர்த்தக் கூடாது என்பது விதி. யார்டு பையன் ஒரு பேட்டரியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வண்டி வண்டியாக வயரைக் கொடுத்து ஸ்டார்ட் பண்ணிக் காட்டிக்கொண்டிருந்தான். அதை நான் வேடிக்கை பார்த்தேனே தவிர யோசிக்கவில்லை.

என் கண் முதலில் போனது 2017 மாடல் ஒன்றின் மேல். பளபளவென்று மஞ்சள் பெயிண்ட், மீட்டரில் 4,212 மணி. மெக்கானிக் அண்ணன் பெயிண்ட்டைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்பக்கம் போய் ஹைட்ராலிக் ஹோஸை விரலால் தடவினார். கறுப்பு ரப்பர் மேல் மஞ்சள் பொட்டுப் பொட்டாக இருந்தது. ஹோஸைக்கூட மூடாமல் அவசரமாக ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். பின்பக்கத் தோண்டும் கை, அதாவது பூம், வந்து சேருகிற கிங் போஸ்ட்டில் கிரீஸை அப்பி வைத்திருந்தார்கள். துணியால் துடைத்துவிட்டு, ஒரு கடப்பாரையைக் கொடுத்து நெம்பச் சொன்னார். நெம்பினேன். இரும்புப் பின்னுக்கும் அது உட்காரும் புஷ்ஷுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நகம் போகும் அளவுக்கு ஆட்டம். அப்புறம் கேபினில் ஏறி பிரேக் பெடலைக் காட்டினார். ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. "நாலாயிரம் மணி ஓடுன வண்டிக்கு இப்படித் தேயுமுங்களா?"

சீட்டுக்கு அடியில் கை விட்டவர் ஒரு அட்டை போட்ட நோட்டை எடுத்தார். டீசல் கறை. ஆப்பரேட்டர் தினமும் பென்சிலில் எழுதி வைத்தது: தேதி, இடம், ஆரம்ப மீட்டர், முடிந்த மீட்டர், டீசல், பேட்டா. கடைசியாக எழுதிய வரியில் மீட்டர் 9,146. அதற்குமேல் பக்கம் காலி. மாமா நோட்டை வாங்கி நாலு பக்கம் புரட்டினார். பின்னட்டையில் மாசா மாசம் டியூ தேதி எழுதி டிக் போட்டிருந்தது. கடைசி ஐந்துக்கு டிக் இல்லை. ஒன்றும் பேசாமல் நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

நாங்கள் முடிவு செய்தது அதற்கு இரண்டு வண்டி தள்ளி நின்ற 2016 மாடல். வெயிலில் வெளுத்துப் போன பெயிண்ட், முன் கண்ணாடியில் விரிசல், பக்கெட்டில் இரண்டு பல் இல்லை. மெக்கானிக் அண்ணன் இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது, நமக்கு முன்னால் யாரும் ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றி வைக்கவில்லை. வயர் கொடுத்ததும் இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. முதலில் கொஞ்சம் கரும்புகை, அப்புறம் தெளிந்துவிட்டது. நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தமாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் மேலேயே கவிழ்த்து வைத்தார். பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் காற்று கசிந்து ஆயில் பக்கம் தள்ளுவது, இருந்தால் மூடி குதிக்கும் என்றார். அது லேசாக நடுங்கியதோடு சரி. யார்டு பையனிடம் கெஞ்சி, நின்ற இடத்திலேயே முன் பக்கெட்டை தரையில் ஊன்றி முன் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தோம். தூக்கியது இறங்காமல் நின்றது. மீட்டர் 6,318. பெடல் ரப்பரும் அதற்கேற்ற மாதிரிதான் தேய்ந்திருந்தது. சேஸிஸ் நம்பரை நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அன்றிரவு வண்டியின் பதிவு நம்பரை ஆப்பில் போட்டுப் பார்த்ததில் இன்சூரன்ஸ் முடிந்து எட்டு மாசம் ஆகியிருந்தது. மற்றபடி சேஸிஸ் நம்பர் பொருந்தியது.

எல்லை 11 லட்சம் என்று மாமா ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் சட்டைப் பையில் வைத்தார். "அங்க போனா வாய் தானா போகும். போறப்ப இதத் தொட்டுப் பாத்துக்க."

மறுநாள் ஷெட்டில் நூறு பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் திரை. பாதி ஆட்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். டீ குடிக்கும் இடத்தில் ஒருவர் வந்து தோளில் கை போட்டார். "எந்த வண்டிங்க தம்பி பாத்து வெச்சிருக்கீங்க? நீங்க கேக்காதீங்க, நாங்க எடுத்துத் தர்றோம். 20,000 குடுத்தாப் போதும். நீங்க கேட்டா வெலதான் ஏறும்." புரோக்கர்கள் ஒரு வண்டிக்கு ஒருவர்தான் கேட்பது என்று பேசி வைத்துக்கொள்வதும் உண்டு, வெளியாள் வந்தால் வேண்டுமென்றே ஏற்றிவிடுவதும் உண்டு. மாமா சிரித்துக்கொண்டே, "நாங்க சும்மா டிராக்டர் பாக்க வந்தோமுங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்த 2017 மாடல் முதலில் வந்தது. பளபளப்புக்கு அப்படி ஒரு போட்டி. 12 லட்சத்து 90 ஆயிரத்துக்குப் போனது. எடுத்தவர் என் வயசுப் பையன், தனியாக வந்திருந்தான். நோட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாமோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

எங்கள் வண்டி 8 லட்சத்தில் ஆரம்பித்தது. ஒவ்வொரு கேள்விக்கும் பத்தாயிரம் ஏற்ற வேண்டும். ஷெட்டில் நாலு பேர் கேட்டார்கள். இது போக ஆன்லைனில் கேட்பவர்களும் உண்டு. அவர்கள் தொகை திரையில் மட்டும் வரும், ஆள் தெரியாது. பத்தரை லட்சத்தில் ஷெட் அடங்கிவிட்டது. நானும் திரையும் மட்டும். நான் கேட்கக் கேட்க, மூச்சு விடுவதற்குள் அடுத்த தொகை வந்தது. 10,60,000க்கு நான் அட்டையைத் தூக்கினேன். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." அந்த இடைவெளியில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. "மூணு தரம்."

வண்டி நமக்குத்தான் என்று நினைத்து மெக்கானிக் அண்ணனைக் கட்டிப் பிடித்தேன். மேசைக்குப் போனால், "அப்ரூவல் வரணும் சார்" என்றார்கள். ஏல விதியில் இருந்ததாம், நான்தான் படிக்கவில்லை. அதிகம் கேட்டவர் என்ற அளவில்தான் என் பெயர் நிற்கும். ஃபைனான்ஸ் கம்பெனி அந்த விலைக்கு ஒத்துக்கொண்டால்தான் விற்பனை. நாலாம் நாள் போன் வந்தது. இன்னும் 40,000 ஏற்றினால் உடனே முடித்துத் தருகிறோம் என்றார்கள். போனைப் பொத்திக்கொண்டு மாமாவைப் பார்த்தேன். அவர் விரலால் இரண்டு, அப்புறம் ஐந்து காட்டினார். 25,000 என்றேன். மாலையில் சரியென்று சொல்லிவிட்டார்கள்.

ஆக 10,85,000. ஏலக் கம்பெனியின் கமிஷன் ஒன்றரை சதவீதம், அந்தக் கமிஷனுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. பத்து லட்சத்துக்கு மேல் போன வண்டி என்பதால், விற்பவரே பிடித்துக் கட்டும் டிசிஎஸ் வரி 1 சதவீதம். அது வருமான வரிக் கணக்கில் கழிந்துவிடும் என்று ஆடிட்டர் சொன்னார், ஆனால் இப்போது கையிலிருந்துதான் போகிறது. கூட்டினால் 11,15,000 தாண்டிவிட்டது. மாமாவின் துண்டுச் சீட்டு இதையெல்லாம் சேர்க்காமல் எழுதியது. பணம் கட்ட ஏழு நாள், தவறினால் டெபாசிட் போய்விடும். அதற்கப்புறம் வண்டியை எடுக்காமல் விட்டால் நாளுக்கு இவ்வளவு என்று யார்டு வாடகை ஏறும்.

ரிலீஸ் ஆர்டரோடு போனபோதுதான் பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன். காலி. யார்டு பையனின் தள்ளுவண்டி அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பக்கெட்டில் இன்னும் ஒரு பல்லும் குறைந்திருந்தது. கேட்டால், "உள்ளது உள்ளபடி" என்று ரசீதில் அச்சடித்த வரியைக் காட்டினார்கள். பார்த்த அன்றைக்கு ஒவ்வொன்றையும் படம் எடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். என்னிடம் இருந்தது சேஸிஸ் நம்பர் படம் மட்டும்தான். புது பேட்டரி வாங்கி மாட்டினோம். டயர் வண்டிதானே, ஓட்டிக்கொண்டே ஊர் போய்விடலாம் என்ற திட்டமும் இன்சூரன்ஸ் இல்லாததால் கெட்டது. செயின் வண்டிக்கு வேண்டும் என்று பயந்த அதே லோ பெட் டிரெய்லரில்தான் என் வண்டியும் ஊர் வந்து சேர்ந்தது.

ஆர்சி கதை தனி. பழைய ஓனர் ஆர்சி புக்கைக் கொடுக்கவில்லை. அப்படியென்றால் முதலில் படிவம் 36 கொடுத்து ஃபைனான்ஸ் கம்பெனி தன் பெயருக்கே புது ஆர்சி எடுக்க வேண்டும். அப்புறம் 29, 30 படிவங்களில் என் பெயருக்கு மாற்ற வேண்டும். ஆர்சியில் இருக்கும் ஃபைனான்ஸ் குறிப்பை நீக்கும் எச்பி கேன்சலுக்கு 35. ஒன்று வந்தால் இன்னொன்றில் கையெழுத்து விட்டுப் போயிருக்கும். இரண்டரை மாசம் இழுத்தது. அதுவரை வண்டி எங்கள் தோட்டத்தைத் தாண்டவில்லை. மாமாவின் கிணற்று மேட்டைச் சமன் செய்ததும், மெக்கானிக் அண்ணன் கிங் போஸ்ட்டுக்குப் புது புஷ் அடித்ததும் அந்தக் காலத்தில்தான்.

ஆர்சி கையில் வந்த மறுநாள் ஒரு ஆப்பரேட்டர் வேலைக்கு வந்தார். கேபினில் ஏறி, லீவர்களை அசைத்துப் பார்த்துவிட்டு இறங்கினார். "வண்டி பரவால்லீங்க. ஒரு நோட்டு மட்டும் வாங்கிக் குடுத்துருங்க, மணி எழுதணும்." பெட்டிக்கடையில் அட்டை போட்ட நோட்டுதான் இருந்தது. பின்னட்டையில் என் டியூ தேதியை நானே எழுதிக் கொடுத்தேன். வண்டிக்குக் கொஞ்சம் கடன் வாங்கியிருக்கிறேன், மாசம் பத்தாம் தேதி.